ஷோரூம் காரும் உடைந்த ஸ்பிண்டிலும்: அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தின் தொடக்க ஆண்டுகள்

1949 ஜூன் 19. வட கரோலினாவின் சார்லட் நகரில் முக்கால் மைல் நீள மண் பாதை. 200 சுற்று, மொத்தம் 150 மைல். 33 கார்கள் கிளம்பின. முதலில் வந்தவர் கிளென் டனவே. அவர் ஓட்டியது 1947 ஃபோர்டு. பந்தயம் முடிந்து சோதனை செய்தவர்கள் காருக்கு அடியில் பார்த்தபோது, பின்பக்க ஸ்பிரிங் விரியாமலிருக்க முட்டுக் கொடுத்து இறுக்கியிருந்தது தெரிந்தது. டனவே நீக்கப்பட்டார். மூன்று சுற்று பின்தங்கி வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியும் 2,000 டாலர் பரிசும் போயின. ரோப்பரின் கார் 1949 லிங்கன். கான்சாஸ் மாநிலத்திலிருந்து சார்லட் வரை அதே காரைச் சாலையில் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ஃபோர்டின் உரிமையாளர் ஹூபர்ட் வெஸ்ட்மோர்லேண்ட் நீதிமன்றம் போனார், வழக்கு தள்ளுபடியானது.

ஸ்டாக் கார் பந்தயங்களுக்கான நாஸ்கார் அமைப்பு நடத்திய 'ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்' பிரிவின் முதல் பந்தயம் இது. ஸ்டாக் என்றால் கடையில் விற்ற நிலையிலேயே உள்ள கார். வாங்கிய காரில் எதையும் மாற்றக் கூடாது என்பது கேட்க எளிய விதி. ஆனால் சந்தைக்குப் போய்வரச் செய்த வண்டியை 150 மைல் தூரம் இடப்பக்கமாகவே வளைத்து ஓட்டினால் எந்தப் பாகம் முதலில் கைவிடும் என்பதையும் அந்த விதியே ஊரறியக் காட்டிவிட்டது. அந்தக் காலத்து வெற்றிப் பட்டியலை எஞ்சினின் குதிரைத்திறனை மட்டும் வைத்துப் படித்தால் பாதி புரியாது. ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), ஸ்பிண்டில் (முன் சக்கரம் சுழலும் தண்டு), டயர், ரேடியேட்டர் இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

டனவே காரின் ஸ்பிரிங் வேலை பந்தயத்துக்காகப் பிறந்ததல்ல. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. அது நீங்கிய பிறகும் தென் மாநிலங்களின் மலைப்பகுதிகளில் வரி கட்டாத சாராயம் காய்ச்சுவது நிற்கவில்லை. அதை இரவில் நகரத்துக்குக் கொண்டுபோக வேகமான கார் தேவைப்பட்டது. நூறு காலன் சாராயம் மட்டுமே ஏறக்குறைய 350 கிலோ. கண்ணாடி ஜாடிகளின் எடை தனி. 1948 வரை ஃபோர்டு கார்களில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, வண்டியின் குறுக்கே வைத்த லீஃப் ஸ்பிரிங்தான். சுமை ஏறினால் ஸ்பிரிங் விரிந்து தட்டையாகும், பின்பக்கம் தாழும், ரோட்டில் நிற்கும் போலீஸுக்குச் சுமை வண்டி என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஸ்பிரிங்கை விரியவிடாமல் கட்டினார்கள். சுமை இல்லாதபோது அதே ஏற்பாடு வளைவில் வண்டி சாய்வதைக் குறைத்தது. பந்தயத்தில் அது கைகொடுக்கும், விதிப்படி குற்றம்.

அந்த ஃபோர்டுகளின் உயிர் 1932இல் வந்த பிளாட்ஹெட் வி8 எஞ்சின். 221 கன அங்குலம், அதாவது 3.6 லிட்டர், தொடக்கத்தில் 65 குதிரைத்திறன், 1934 முதல் 85. குறைந்த விலைக் காரில் எட்டு சிலிண்டர் என்பது அன்று வேறு யாரும் தராதது. 1939இல் ஃபோர்டின் மெர்க்குரி காருக்கு வந்த 239 கன அங்குல எஞ்சின் அதே இடத்தில் உட்கார்ந்துவிடும் என்பதால் மாற்றிப் பொருத்துவது ஒரு நாள் வேலை.

அதன் பெருங்குறை சூடு. வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில், எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்குக்குள்ளேயே இருந்தன. பிளாட்ஹெட், சைட் வால்வு என்ற பெயர்கள் இந்த அமைப்பைத்தான் குறிக்கும். எரிந்த புகை வெளியேறும் வழி பிளாக்கின் உட்பக்கத்திலிருந்து தண்ணீர் ஓடும் அறைகளைக் கடந்து வெளிப்பக்கம் வர வேண்டும். பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், ஆனால் புகைத் துளைகள் மூன்றுதான். நடு இரண்டு சிலிண்டருக்கும் ஒரே வழி. ஆக, புகையின் வெப்பத்தில் பெரும் பங்கு தண்ணீருக்குள் இறங்கியது. 1936 வரை தண்ணீர் பம்புகள் சிலிண்டர் ஹெட்டின் முன்னால் இருந்து சூடான நீரை உறிஞ்சின. 1937இல் அவற்றைப் பிளாக்கின் முன்பக்கம் கீழே இறக்கி, குளிர்ந்த நீரை உள்ளே தள்ளும்படி செய்தபோது நிலைமை கொஞ்சம் தேறியது. மண் பாதையில் அதுவும் போதவில்லை. முன்னே போகும் கார் வாரியடிக்கும் களிமண் ரேடியேட்டர் துளைகளை அடைத்துவிடும். முன்னால் கம்பி வலை கட்டுவது, ஓட்டத்துக்கு நடுவே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது ஆகியவையே வைத்தியம். கழுவாமல் விட்டால் நடு இரண்டு சிலிண்டர்களின் பக்கம் பிளாக் விரிசல் விடும். இன்று பழைய பிளாட்ஹெட் வாங்குபவர்களும் முதலில் அழுத்தச் சோதனை செய்து பார்க்க வேண்டியது அந்த விரிசலைத்தான்.

இந்த ஃபோர்டுகள் ஸ்டாக் பிரிவுக்கு முன்பே 'மாடிஃபைட்', அதாவது மாற்றம் செய்த கார்களின் பந்தயங்களை ஆண்டன. 1947 டிசம்பர் 14 அன்று ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில், ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் பந்தய அமைப்பாளர் பில் ஃபிரான்ஸ் கூட்டிய கூட்டத்தில் நாஸ்கார் உருவானது. 1948 பிப்ரவரி 15 அன்று டேடோனா கடற்கரையில் அதன் முதல் பந்தயம். ரேமண்ட் பார்க்ஸுக்குச் சொந்தமான, ரெட் வோக்ட் தயார் செய்த 1939 ஃபோர்டில் ரெட் பைரன் வென்றார். போருக்குப் பின் புதிய கார் கிடைப்பதே அரிதாக இருந்த காலம். மக்கள் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும்போது புதுக் காரைப் பந்தயத்தில் நொறுக்கினால் ஏற்பார்களா என்ற தயக்கம் ஃபிரான்ஸுக்கு இருந்தது. உற்பத்தி சீரான பிறகே, 1949இல் புதிய கார்களுக்கான பிரிவைத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கும் அதே கார் பந்தயத்தில் ஓடினால் கூட்டம் வரும் என்ற கணக்கு பலித்தது.

அந்த முதல் ஆண்டில் எட்டுப் பந்தயங்கள். ஐந்தை ஓல்ட்ஸ்மொபைல் வென்றது, இரண்டை லிங்கன், ஒன்றை லீ பெட்டியின் பிளிமத். ஓல்ட்ஸ்மொபைல் 88இன் 'ராக்கெட்' எஞ்சின் 303 கன அங்குலம், 135 குதிரைத்திறன். வால்வுகள் சிலிண்டருக்கு மேலே அமைந்த வி8. மூச்சு தாராளம், புகை பிளாக்கைச் சுற்றிக்கொண்டு போவதில்லை, சூட்டுத் தொல்லை குறைவு. பெரிய காருக்காகச் செய்த எஞ்சினை அதைவிட எடை குறைந்த உடலில் வைத்ததே 88இன் பலம். பைரன் அதில் ஓட்டி முதல் சாம்பியன் ஆனார்.

எஞ்சின் பலம் மட்டும் போதாது என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. 1950 செப்டம்பர் 4, தென் கரோலினாவின் டார்லிங்டன். ஒன்றேகால் மைல் தார்ப் பாதை, 400 சுற்று, 500 மைல். 75 கார்கள் கிளம்பின. மண்ணில் டயர் வழுக்கும். வழுக்கும்போது அதன் மேல் விழும் விசை ஓரளவோடு நிற்கும். தாரில் அப்படியில்லை, டயர் பிடித்துக்கொள்ளும். ஏறக்குறைய 1,700 கிலோ எடையுள்ள காரை முழு வேகத்தில் வளைக்கும்போது, குடும்பக் காருக்குச் செய்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். முதலில் தரையைத் தொடும் மேல்பட்டையான ட்ரெட் உரியும், பிறகு உள்ளே நூல் அடுக்குகள் பிரியும், கடைசியில் வெடிக்கும். வலப்பக்க முன் டயர்தான் எப்போதும் முதலில் போகும், ஏனென்றால் இடப்பக்கம் திரும்பும்போது எடை முழுக்க அங்கேதான் சாய்கிறது. மைதானத்துக்குள் நின்ற பார்வையாளர்களின் கார்களிலிருந்து டயர் கழற்றி வாங்கிய அணிகளும் உண்டு என்று சொல்வார்கள்.

வென்றது ஜானி மான்ட்ஸ் ஓட்டிய 1950 பிளிமத். 217.8 கன அங்குல ஆறு சிலிண்டர் பிளாட்ஹெட், 97 குதிரைத்திறன். களத்தின் பலவீனமான எஞ்சின்களில் ஒன்று. 43ஆம் இடத்திலிருந்து கிளம்பியது. மான்ட்ஸ் இண்டியானாபொலிஸ் 500 ஓட்டியவர், தார்ப் பாதை டயரை என்ன செய்யும் என்று அறிந்தவர். கடினமான ரப்பரும் அதிக அடுக்கும் கொண்ட லாரி டயர்களைப் போட்டு, ஒரே சீரான வேகத்தில் ஓட்டினார். சராசரி மணிக்கு 75.25 மைல். ஆறரை மணி நேரத்துக்கும் மேல் ஓடி, இரண்டாவதாக வந்த ஃபயர்பால் ராபர்ட்ஸின் ஓல்ட்ஸ்மொபைலை ஒன்பது சுற்று முந்தியிருந்தார். அந்தப் பிளிமத்தின் உரிமையாளர்களில் ஒருவர் அதே வெஸ்ட்மோர்லேண்ட். இன்னொருவர் பில் ஃபிரான்ஸ்.

அடுத்து வந்த ஹட்சன் ஹார்னட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஸ்டாக் கார் அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காகிதத்தில் பார்த்தால் வெல்லவே கூடாத கார். 1951இல் வந்த அதன் எஞ்சின் பழைய வகை சைட் வால்வு, ஆறு சிலிண்டர். 308 கன அங்குலம், 145 குதிரைத்திறன். அதே ஆண்டு கிரைஸ்லர் 180 குதிரைத்திறன் தரும் ஹெமி (அரைக்கோள வடிவ எரி அறை கொண்ட) வி8 விற்றுக்கொண்டிருந்தது.

ஹார்னட்டின் பலம் அதன் சட்டகத்தில் இருந்தது. அன்றைய கார்களில் இரும்புச் சட்டத்தின் (ஃப்ரேம்) மேல் உடலை ஏற்றி வைப்பார்கள், தரைப்பலகை சட்டத்துக்கு மேலே இருக்கும். 1948 முதல் ஹட்சன் தரையைச் சட்டத்துக்குள்ளேயே இறக்கியது. கதவைத் திறந்து உள்ளே போவதற்குக் காலைக் கீழே வைக்க வேண்டும். 'ஸ்டெப் டவுன்' என்ற பெயரே அதனால்தான். பக்கச் சட்டங்கள் பின் சக்கரங்களுக்கும் வெளியே சுற்றிப் போயின. உடலும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. மொத்த உயரம் 60 அங்குலத்தை ஒட்டித்தான். எடை தாழ்ந்திருந்ததால் வளைவில் சாய்வு குறைவு; வலப்பக்க முன் சக்கரத்தின் மேல் வந்து விழும் பாரமும் குறைவு. டயர் தாங்கியது, ஸ்பிண்டில் தாங்கியது. நேர் பாதையில் பின்தங்கினாலும் வளைவுக்குள் வேகத்தை விடாமல் போக முடிந்தது. ஒரே சங்கடம் பின் டயர் மாற்றுவது. ஃபெண்டரும் சட்டமும் சக்கரத்தை மூடியிருப்பதால் வண்டியை நன்றாக உயர்த்தி, சக்கரத்தைக் கீழே இறக்கித்தான் எடுக்க வேண்டும்.

எஞ்சினும் இளப்பமல்ல. பிளாக் குரோம் கலந்த இரும்பு, கடினமானது. சிலிண்டர் விட்டம் 3 13/16 அங்குலம், ஸ்ட்ரோக் நான்கரை அங்குலம். நீண்ட ஸ்ட்ரோக் என்பதால் குறைந்த சுழற்சியிலேயே இழுவிசை வரும். மண் பாதையில் வளைவிலிருந்து வெளியேறும்போது தேவைப்படுவது அதுதான். நீளமான ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு நடுவில் ஒரே கார்புரேட்டர் வைத்தால் இரு கோடியிலும் உள்ள சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் குறைவாகப் போகும். 1952இல் வந்த 'ட்வின் எச்' ஏற்பாடு இரண்டு ஒற்றைக் குழல் கார்ட்டர் கார்புரேட்டர்களைத் தள்ளித் தள்ளி வைத்து இதைச் சரிசெய்தது. இரண்டும் ஒரே அளவு திறக்கும்படி இணைப்புக் கம்பியைச் சரிபார்ப்பது கட்டாயம். ஒன்று பிந்தினால் அந்தப் பக்கத்து மூன்று சிலிண்டர்களும் பெட்ரோல் பற்றாமல் சூடாகி, புகை வால்வு எரியும். ஹார்னட் வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று கிளட்ச். தக்கைத் துண்டுகள் பதித்த தட்டு எண்ணெயில் நனைந்தபடி ஓடும் கிளட்ச் அது. ஊற்ற வேண்டிய அளவு ஒரு பைண்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான். கூடினால் வழுக்கும், எண்ணெய் பழசாகிப் பிசினானால் வண்டி நகரும்போது உதறும்.

டேடோனா பீச்சைச் சேர்ந்த மார்ஷல் டீக் 1951இல் அங்கேயே கடற்கரைப் பந்தயத்தை ஹார்னட்டில் வென்றார். ஹட்சன் நிறுவனமே அவருக்குப் பின்னால் நின்றது. ஹெர்ப் தாமஸ் 1951, 1953 ஆண்டுகளின் சாம்பியன். 1952இல் டிம் ஃப்ளாக். தாமஸின் காரைத் தயார் செய்தவர்களில் ஸ்மோக்கி யூனிக் முக்கியமானவர். 1952இல் நடந்த 34 பந்தயங்களில் 27ஐ ஹட்சன் வென்றது. 1953இல் 37க்கு 22, 1954இல் 37க்கு 17.

இந்த வெற்றிகளுக்கு இன்னொரு காரணம் ஒரு பாகப் பட்டியல். ஸ்டாக் விதியின்படி நிறுவனம் தயாரித்து, பாக எண் கொடுத்து, யார் கேட்டாலும் விற்கும் பொருளைப் போடலாம். ஹட்சன் பொறியாளர் வின்ஸ் பிகின்ஸ் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். 'கடும் பயன்பாட்டுக்கு' என்ற தலைப்பில் தடித்த ஸ்பிண்டில், பலப்படுத்திய ஹப், சக்கரம், ஸ்டீரிங் பாகங்கள் விற்பனைக்கு வந்தன. எஞ்சின் பக்கம் '7-எக்ஸ்' வந்தது: பெரிய வால்வுகள், மாற்றிய கேம் ஷாஃப்ட், உயர்ந்த அழுத்தம் தரும் ஹெட். பிளாக்கின் மேல்பரப்பில் வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே உலோகத்தைக் குடைந்து காற்றுக்கு வழி விட்டிருந்தார்கள். 210 குதிரைத்திறன் அளவுக்கு அது வந்தது என்பது பொதுவான கணிப்பு.

ஸ்பிண்டிலுக்கு ஏன் இவ்வளவு கவனம்? முன் சக்கர பேரிங் உட்காரும் தண்டு அது. தடித்த பகுதியிலிருந்து மெலிந்த பகுதிக்கு மாறும் மூலை கூர்மையாக இருந்தால் விசை அங்கேயே குவியும். சாலையில் லட்சம் மைல் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. குண்டும் குழியுமான மண் வளைவில் மணிக்கணக்காக முழுப் பாரத்தையும் வாங்கும்போது அந்த மூலையில் மயிரிழை விரிசல் விழுந்து வளரும். உடைந்தால் சக்கரம் ஹப்போடு கழன்று கூட்டத்தை நோக்கிப் பறக்கும். அந்த மூலையை வட்டமாக உருட்டித் தேய்ப்பதும், பந்தயத்துக்குப் பந்தயம் கழற்றி காந்தத் தூள் போட்டு விரிசல் பார்ப்பதும் இதற்கு வழி. அழுத்தித் தயாரித்த இரும்புச் சக்கரத்தில் போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் தொடங்கும். அங்கே இன்னொரு தகடு வைத்துப் பற்றவைப்பார்கள். பின் ஆக்ஸிலில் வேறு ஆபத்து. பெரும்பாலான கார்களில் சக்கரம் நேராக ஆக்ஸில் தண்டிலேயே மாட்டியிருக்கும், தண்டு முறிந்தால் சக்கரமும் போகும். லாரியில் சக்கரத்தின் பாரத்தை வெளிக்குழாய் தாங்கும், தண்டு சுழற்றுவதோடு சரி. முறிந்தாலும் வண்டி நிற்கும், சக்கரம் கழலாது. பந்தயக் கார்கள் பின்னர் இந்த லாரி முறைக்கே மாறின.

எண்ணெய்க்கும் இடத் திருப்பம் பகைதான். நீண்ட வளைவில் எண்ணெய் முழுக்கத் தொட்டியின் வலப்பக்கம் ஒதுங்கும், உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும், சில நொடிகளில் பேரிங் உருகும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்தால் தீரும். ஆனால் கடுமையான ஸ்டாக் விதியில் அதுவும் மாற்றம்தான் என்பதால், தொட்டி வடிவம் இயல்பிலேயே நன்றாக அமைந்த கார்களுக்கு அது பரிசாக வாய்த்தது.

ஹட்சனின் சரிவுக்குப் பந்தயம் காரணமல்ல. புதிய வி8 எஞ்சினுக்குச் செலவிடக் கையில் பணமில்லை. இருந்ததை 1953இல் வந்த 'ஜெட்' என்ற சிறிய காரில் போட்டார்கள், அது விலைபோகவில்லை. 1954 மே மாதம் நாஷ் நிறுவனத்தோடு இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆனபோது ஸ்டெப் டவுன் உடல் முடிவுக்கு வந்தது.

அந்த இடத்தை 1955இல் கிரைஸ்லர் சி-300 பிடித்தது. 331 கன அங்குல ஹெமி, இரண்டு நான்கு குழல் கார்புரேட்டர், 300 குதிரைத்திறன். படகு எஞ்சின் தயாரித்த கார்ல் கீக்காஃபர் இதில் பணத்தையும் ஒழுங்கையும் கொட்டினார். மூடிய லாரிகளில் கார்கள் வந்தன, மெக்கானிக்குகள் சீருடை அணிந்தனர். டிம் ஃப்ளாக் அந்த ஆண்டு 18 பந்தயங்கள் வென்றார். டேடோனா வெற்றி மட்டும் சோதனை மேசையில் கிடைத்தது. முதலில் வந்த ராபர்ட்ஸின் ப்யூக்கில் வால்வுகளை இயக்கும் தண்டான புஷ் ராடு மாற்றப்பட்டிருந்ததால் அவர் நீக்கப்பட்டார். முந்தைய ஆண்டு அதே கடற்கரையில் கார்புரேட்டர் குறையால் வெற்றியைப் பறிகொடுத்தவர் இதே ஃப்ளாக். 1956இல் கீக்காஃபர் அணி தொடர்ந்து 16 பந்தயங்களை வென்று, கூட்டத்தின் வெறுப்பையும் சம்பாதித்து, ஆண்டு முடிவில் விலகியது.

அதற்குள் ஹட்சன் தொடங்கிவைத்த பாகப் பட்டியல் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. வின்ஸ் பிகின்ஸ் செவர்லேக்குப் போனார். 1957இல் அட்லாண்டாவில் அவர் மேற்பார்வையில் உருவான 'பிளாக் விடோ' கார்கள் மலிவான 150 மாடல் உடல்தான். ஆனால் 283 கன அங்குலமும் 283 குதிரைத்திறனும் கொண்ட ஃபியூயல் இன்ஜெக்ஷன் வி8, அரை டன் பிக்கப்பிலிருந்து எடுத்த ஆறு போல்ட் ஹப்புகள். ஒரு சாதாரண செவர்லேயை இந்த நிலைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று படிப்படியாகச் சொல்லும் கையேட்டையும் நிறுவனமே வெளியிட்டது. ஃபோர்டு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரோடு வந்தது. அந்த ஆண்டு நடுவிலேயே நாஸ்கார் ஃபியூயல் இன்ஜெக்ஷன், சூப்பர்சார்ஜர், ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர் மூன்றையும் தடைசெய்தது. ஜூன் மாதம் கார் உற்பத்தியாளர் சங்கம் பந்தயத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. கடையில் விற்ற காரை அப்படியே ஓட்டுவது என்ற ஏற்பாடு நடைமுறையில் அத்தோடு முடிந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். பெயர்ப்பலகையில் மட்டும் அது இன்னும் பல ஆண்டுகள் நின்றது.

அசல் கார்கள் இன்று மிகக் குறைவு. காரணம் எளிது: ஓடி முடித்ததும் பாகங்கள் அடுத்த காருக்குப் போயின, உடல் இரும்புக் கடைக்குப் போனது. பந்தய ஹார்னட் என்று விலை சொல்லப்படும் காரைப் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டையும் அதில் எழுதிய பந்தய எண்ணையும் நம்ப வேண்டாம். ஹெட்டைக் கழற்றி, வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே குடைந்த வழி இருக்கிறதா, வால்வு பெரியதா என்று பாருங்கள். பிறகு முன் ஹப்பைக் கழற்றி ஸ்பிண்டிலின் தடிமனைச் சாதாரண ஹார்னட்டின் ஸ்பிண்டிலோடு வைத்து அளந்து பாருங்கள். கடும் பயன்பாட்டு எஞ்சினைப் பின்னால் யாரும் வாங்கி மாட்டியிருக்கலாம். வீட்டு உபயோகத்துக்கு ஓடிய காரில் தடித்த ஸ்பிண்டில் போட யாருக்கும் காரணம் இருந்ததில்லை.